அந்தி பாசஞ்சருக்குப் பலகை போட்ட ஊர்

ஐப்பசி அடைமழையில் ஒரு சாயங்காலம் ஜங்ஷனிலிருந்து கிளம்பி, வழியில் கவிழ்ந்த தடயமும் இல்லாமல், எந்த ஊரிலும் போய்ச் சேர்ந்த தகவலும் இல்லாமல், ஏழு பெட்டிகளோடும் அதில் ஏறிய அத்தனை சனத்தோடும் காணாமல்போன அந்தி பாசஞ்சர், தண்டவாளங்களைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டுபோய், ஸ்டேஷன் கட்டடத்தில் ஆடு கட்ட ஆரம்பித்து, காத்திருந்தவர்களில் பாதிப்பேர் செத்தும்போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வேப்பங்குறிச்சி ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கிற உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து, பெட்டிக்கு ஒரு சாண் நீளம் என்கிற அளவுக்குச் சிறுத்துப்போய், நூல்நூலாகப் புகை விட்டுக்கொண்டு, சாக்கடையின் சிமெண்ட் திட்டு மேலேயே ஊருக்குள் வந்தது.

பாமாயிலுக்கு வரிசையில் நின்ற பெண்கள் தூக்குவாளிகளை நகர்த்தி வழி விட்டார்கள். "இந்தா வந்துட்டுல்லா," என்றாள் ஒருத்தி. "அது என்னைக்குத்தான் டயத்துக்கு வந்துச்சு," என்றாள் அடுத்தவள். குனிந்து பார்த்தபோது ஜன்னல்களில் கடுகுகடுகாகத் தலைகள் தெரிந்தன, இன்னும் குனிந்தபோது முகங்கள் தெரிந்தன, மூக்குத்தி தெரிந்தது, திருநீறு தெரிந்தது, ஜன்னல் கம்பிகளில் ஊசிமுனைத் துளிகளாக அந்த ஐப்பசி மழை இன்னும் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகுதான் வரிசையில் நின்ற ஒருத்தி தன் அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தூக்குவாளியைக் கீழே போட்டாள்.

வண்டி பழைய வழியிலேயே ஸ்டேஷனுக்குப் போயிற்று. அதற்கு மேல் பாதை இல்லாததால் சரக்குக் கொட்டகைக்குள் நுழைந்து, வட்டமடித்துச் சுற்ற ஆரம்பித்தது. சிவப்புத் துணி காட்டினார்கள். டிரைவர் கொசு ரீங்காரம்போல விசில் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். செங்கல்லைக் குறுக்கே வைத்தார்கள். எஞ்சின் அதன்மேல் மோதி ஒருபக்கமாகச் சாய்ந்தபோது ஏழு பெட்டிக்குள்ளிருந்தும் சேர்ந்து எழுந்த அலறல் ஒரு சிலந்தி நூல் அளவுக்குத்தான் இருந்தது, ஆனால் கேட்டவர்களுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கையால் பிடிக்கப் போனவன் உள்ளங்கை நிறையக் கொப்புளத்தோடு திரும்பினான். ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து, டேப்பை நீட்டி அளந்து பார்த்து, இந்த அகலத்தில் இப்போது எங்களிடம் வண்டியே கிடையாது என்று சொல்லி, கலர் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஆக, வண்டி ஊருக்குச் சொந்தமாயிற்று.

தரையிலேயே விட்டுவைக்கவும் வழியில்லை. கோழி கொத்தியது. செவ்வெறும்பு சாரைசாரையாக ஏறியது. மழைத்தண்ணீர் புகுந்தால் எஞ்சின் அணைந்துவிடும் என்று பயந்தார்கள். எனவே கொட்டகைக்குள் வட்டமாகப் பலகை கட்டி, அதன்மேல் வண்டியை ஏற்றிவிடுவது என்று ஊர் கூடி முடிவாயிற்று. யார் கட்டுவது என்கிற கேள்விக்கு, அம்மன் கொடை விழாவில் எப்படி ஒவ்வொரு நாள் மண்டகப்படி ஒவ்வொரு குடும்பத்துக்கோ அப்படியே, வண்டிக்குள் ஆள் இருக்கிற குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை நீளப் பலகை, அவரவர் மரம், அவரவர் விருப்பம், ஒருத்தர் பங்கில் மற்றவர் கை வைக்கக் கூடாது என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் பின்னால் அத்தனைக்கும் காரணமாயிற்று, ஆனால் அன்றைக்கு அது எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது.

கொம்பையா ஆசாரி மூன்று விஷயத்தை மட்டும் பொதுவாக வைத்தார். பலகை, முக்காலியில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். ஒருவர் பலகையும் அடுத்தவர் பலகையும் சேருமிடத்தில் நகம் இடறக் கூடாது. கால்கள் எல்லாம் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டைக்குள் நிற்க வேண்டும், எறும்பு ஏறாமல் இருக்க. மற்றபடி எந்த மரம், மேலே என்ன விரிப்பு என்பது அவரவர் பாடு.

அந்த ஒரு மாதமும் வேப்பங்குறிச்சியில் மரத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. வேம்பு போட்டால் கரையான் வராது என்றார்கள், பூவரசுதான் முறுக்காது என்றார்கள், தேக்குக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து போட்டுவிட்டு வாசலுக்குப் படுதா தொங்கவிட்டவர்கள் இருந்தார்கள், மரத்தூளை அமுக்கிச் செய்த மினுமினுப்புப் பலகையை வாங்கிப் போட்டவர்களுக்கு முதல் சாரலிலேயே அது இட்லிமாவுபோல உப்பி வண்டி மேடேறி இறங்கியது, தெர்மோகோல் போட்டவர்களுக்கு, ஒட்டுவதற்குத் தடவிய பசையே அதைத் தின்றுவிட்டது, தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லிக்குப் பதிலாக நொய்யரிசி பரப்பியவர்களின் பங்கில் விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் குருவிகள் வந்து வண்டியோடு சண்டை போட்டன. தண்டவாளத்துக்கு எல்லாருக்கும் சைக்கிள் கம்பிதான், குறுக்குக் கட்டைக்கு மூங்கில் சிம்புதான். கொட்டகையின் ஓட்டைத் தகரத்துக்கு ஒரு காதுகுத்து விழா பிளெக்ஸை எடுத்து மூடியிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் அந்த விழாக் குழந்தை வானம்போல மேலே சிரித்துக்கொண்டிருந்தது.

பீடி சுற்றுகிற இசக்கியம்மாள் தன் பங்குக்கு என்ன போடுவது என்று கடைசிவரை சொல்லவில்லை. அவள் புருஷன் சொரிமுத்து தலைதீபாவளிக்குத் துணி எடுக்க ஜங்ஷனுக்குப் போனவன். சாயங்காலம் குடையோடு ஸ்டேஷனுக்கு வந்து நில்லு என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் போய் நின்றாள். அதற்குப் பிறகு அவளைச் சுமங்கலி என்பதா அல்லவென்பதா என்று ஊருக்குத் தெரியாமல் போய்விட்டது, விசேஷ வீடுகளில் குங்குமத் தட்டை அவளிடம் நீட்டாமலும் நீட்டாமல் இருக்காமலும், பக்கத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள், அவளாக எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று. அப்படியே தலை நரைத்துவிட்டது.

"சத்தம் வராத மரம் எது, ஆசாரி?" என்று கேட்டாள்.

"மரத்துல ஊமை மரம்னு ஒண்ணும் கெடையாது இசக்கி. சத்தம் வேண்டாம்னா, ஒண்ணு கனமா இருக்கணும், இல்லைன்னா மெத்துனு இருக்கணும். மெல்லிசாப் போட்டு உள்ள காலியா விட்டேன்னு வையி, அது மேளம்."

"அப்போ மெத்துன்னே போட்டுருவோம்."

"மெத்தை போட்டு அதுமேல ரயில் விடப்போறியா?"

"மெத்தைதான் போடப்போறேன்."

ஆசாரி சிரித்தார், ஆனால் போட்டுக் கொடுத்தார். கீழே பனஞ்சட்டம். அதன்மேல் இலவமரப் பலகை, நகத்தால் கீறினால் பள்ளம் விழுகிற பலகை. அதன்மேல் ரப்பர் செருப்புகளை வெட்டி ஒட்டிய அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் கல்யாணச் சேலையை இரண்டாக மடித்து, நடுவே இலவம்பஞ்சை வைத்து, பீடிக்கட்டு முடிகிற விரல்களால் அவளே தைத்த மெத்தை. எத்தனையோ வருஷமாக மரப்பெஞ்சில் உட்கார்ந்து வருகிற மனுஷன், இந்த இரண்டு கை நீளத்திலாவது குலுங்காமல் வரட்டும் என்றுதான் நினைத்தாள்.

சாய்வாகச் சாத்திய பலகை வழியாக வண்டி மேலே ஏறியது. சொரிமுத்து மூன்றாம் பெட்டியில் ஜன்னலோரம் இருந்தான். மடியில் மஞ்சள் பை. இருபத்தாறு வயசு அப்படியே இருந்தது. இசக்கியம்மாள் முக்காலியை இழுத்துப் போட்டு, மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு, வட்டம் வட்டமாக அவன் வருவதையும் போவதையும் பார்த்தாள். அவள் பங்குக்கு வரும்போதெல்லாம் அவன் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துத் தூங்கிக்கொண்டே வந்தான், தூங்கிக்கொண்டே போனான். களைத்து வருகிறான் என்று நினைத்துக்கொண்டாள். முழிப்பான் என்று நினைத்துக்கொண்டாள். புகையிலையும் இலையும் தீரத் தீர, அந்த நினைப்பு மட்டும் தீரவில்லை.

வட்டத்தின் எதிர்ப்பக்கம் செல்லக்கிளியின் பங்கு. அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. வேலைக்கு இண்டர்வியூ போய்விட்டுத் திரும்பிய அவள் மகன் மாசானமும் அதே மூன்றாம் பெட்டியில் இருந்தான். நல்ல மரம் போட முடியாத வீடு. மெல்லிய பிளைவுட்டை நாலு சட்டத்தின் மேல் அடித்து, மெத்தையும் இல்லாமல் விரிப்பும் இல்லாமல் சைக்கிள் கம்பியை நேராக அதன்மேலேயே பதித்திருந்தார்கள். வண்டி அங்கே ஏறினால் தடதடவென்று கொட்டகையே அதிரும். கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஒருநாள் செல்லக்கிளி எதிர்ப்பக்கத்திலிருந்தே கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஏட்டி இசக்கி, உன் வீட்டுக்காரன் நல்லாச் சிரிக்காம்ட்டி. முன்பல்லு ரெண்டும் தள்ளி நிக்கும்லா. எனக்கே மறந்துபோச்சு."

இசக்கியம்மாள் சுற்றிய பீடியைத் தட்டில் போட்டாள். "எங்கே வச்சுப் பாத்திய மைனி?"

"எம் பலகைலதான். வண்டி ஏறுனதும் முழிச்சிருவான். எம்மவன்கிட்ட என்னமோ சொல்லுவான், ரெண்டும் சிரிக்கும்."

"எங்கிட்ட வரையில தூங்குதானே."

"நீ மெத்தை போட்டுத் தாலாட்டினா தூங்காம என்ன செய்வான்? நல்ல கூத்துட்டி இது. புருஷனைக் கண்ணுமுழிச்சுப் பாக்கணும்னு உக்காந்திருக்கவ, அவனைத் தூங்கவச்சுட்டு உக்காந்திருக்கா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இசக்கியம்மாளும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்குக் கடம்பாற்றுப் பாலம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் வண்டி அந்த இரும்புப் பாலத்தில் ஏறினால் இதே மாதிரிதான் மேளம் கொட்டும், தூங்குகிற சனமெல்லாம் அந்தச் சத்தத்துக்கு முழித்து மூட்டைகளை இறக்கும், ஏனென்றால் பாலம் முடிந்தால் வேப்பங்குறிச்சி. செல்லக்கிளியின் பலகையில் ஏறும்போது வண்டிக்குள் இருக்கிறவர்களுக்கு ஊர் வந்துவிடுகிறது. தன்னுடைய பலகையில் அவனுக்கு ஊரே வரவில்லை.

மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டாள்.

"சத்தம் வேண்டாம்னவ நீதானட்டி," என்றார் அவர்.

"இப்போ வேணும்."

மெத்தையைப் பிய்த்தாள். ரப்பரைச் சுரண்டினாள். இலவப் பலகையை எடுத்துவிட்டு, தேயிலைப்பெட்டித் தகட்டுப் பலகையை, காகிதம்போல மெல்லியதை, அடியில் ஒன்றும் இல்லாமல் காலியாக விட்டு அடித்தார்கள். வண்டி வந்தது, ஏறியது, செல்லக்கிளி பலகையைவிடப் பெரிதாக மேளம் கொட்டியது. சொரிமுத்து நெற்றியைக் கம்பியிலிருந்து எடுத்தான். கண்ணைத் திறந்தான். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றான், பைக்குள்ளிருந்து ஒரு துணியின் மூலை வெளியே தெரிந்தது, கத்தரிப்பூ நிறம். தலைதீபாவளிச் சேலை என்ன நிறம் என்று இசக்கியம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவன் வெளியே எட்டிப் பார்த்தான். அவள் முகத்துக்கு நேராகத்தான் பார்த்தான், ஆனால் எதிரே நிற்கிற மலையை யாராவது முகம் என்று நினைப்பார்களா? மலைக்கு அடியில் எங்கேயாவது குடையோடு ஒரு இருபது வயசுப் பெண் நிற்கிறாளா என்று தேடினான். அவள் "இந்தா இருக்கேன்" என்றாள். அவள் மூச்சு பட்டு அவன் தலைமுடி பறந்தது, மழைக்காற்று என்று நினைத்து அவன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பலகை முடிந்தது. வண்டி நிற்கவில்லை. அடுத்த சுற்றிலும் அதே மாதிரி வந்து நின்றான், அதற்கடுத்த சுற்றிலும் வந்து நின்றான், முதலில் சிரித்த முகம் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே போயிற்று. ஒரு வட்டத்தில் இரண்டு இடத்தில் பாலம் அதிர்ந்தால் மனுஷன் எப்படி உட்காருவான், எப்படித் தூங்குவான்? சில நாளில் அவன் இருக்கைக்குத் திரும்பிப் போவதையே விட்டுவிட்டான். வாசலிலேயே நின்றான். பக்கத்தில் மாசானமும் நின்றான். இரண்டுபேர் கண்ணும் சிவந்திருந்தது.

அந்த வாரம்தான் ஓட்டல் பால்வண்ணம் குதித்தார். ஐந்தாம் பெட்டியில் வந்தவர், பொறுமை இல்லாத மனுஷன் என்று பேரெடுத்தவர். ஊர் வந்துவிட்டது, வண்டி நிற்கவில்லை என்றால் மெதுவாகப் போகும்போதே இறங்கிவிட வேண்டியதுதான் என்று, வேட்டியை மடித்துக் கட்டி, செல்லக்கிளி பலகை தாண்டியதும் இறங்கினார். அடுத்த பலகையின் ஜல்லிக்கு மேல் ஒரு நூல்பிசிறு மாதிரி கிடந்தார். அவர் பிள்ளைகள், அப்பனைவிட வயசில் மூத்துப்போன பிள்ளைகள், மொட்டை போட்டுக்கொண்டார்கள். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கவைத்து, நாலுபேர் தூக்க வேண்டிய முறைக்காக நாலுபேர் நாலு மூலையையும் ஒவ்வொரு விரலால் தொட்டுக்கொண்டு, சங்கு ஊதி, சுடுகாடு வரைக்கும் நடந்தார்கள். தெருவில் எல்லாக் கடையும் சாத்தியிருந்தது.

காரியம் முடிந்து வந்து முக்காலியில் உட்கார்ந்த இசக்கியம்மாள், மூன்றாம் பெட்டி வரும்போது பார்த்தாள். சொரிமுத்து பையைத் தோளில் மாட்டியிருந்தான். கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் படியில் இறக்கி வைத்திருந்தான்.

அவள் அழவில்லை. அழுதால் கண் மறைக்கும். அடுத்த சுற்று வருவதற்குள் தன் முந்தானையையே கிழித்து மடித்துச் சைக்கிள் கம்பிக்கு அடியில் திணித்தாள், அதற்கடுத்த சுற்றுக்குள் பழைய மெத்தையைக் கொண்டுவந்து போட்டாள். அவள் பலகை அடங்கிவிட்டது. ஆனால் எதிர்ப்பக்கம் செல்லக்கிளியின் பலகை அதிர்ந்தது, அவன் கால் படியிலேயே இருந்தது.

வட்டத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள்.

"மைனி, உங்க பலகைக்கும் மெத்தை போட்டுருவோம்."

செல்லக்கிளி திரும்பிப் பார்க்கவில்லை. "அவரவர் மரம், அவரவர் விருப்பம். ஊர் பேசுனது."

"குதிச்சிருவாங்க."

"எம்மவன் குதிக்க மாட்டான். அவனுக்குச் சின்னதிலயே உயரம்னா பயம்."

"பயந்தவன்தான் மைனி ரொம்ப நேரம் நின்னா கண்ணை மூடிக்கிட்டுக் குதிப்பான்."

வண்டி வந்தது, மேளம் கொட்டியது, போயிற்று. "உனக்கென்னட்டி," என்றாள் செல்லக்கிளி அப்புறம். "உனக்கு அவன் மூணு மாசத்து ஆளு. நான் சொமந்து பெத்தவ. இந்தப் பலகை அளவுக்குத்தான் அவன் என்னைப் பாக்கான். பாக்கான்னு நான் நெனச்சுக்கிடுதேன், சரி, அதாவது இருக்குல்லா. இப்போ நீ வந்து, எங் கையாலேயே எம்மவன் கண்ணை மூடச் சொல்லுதே."

இசக்கியம்மாள் செல்லக்கிளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் பலகை தலைக்கு மேலே போய்விடும், வண்டி தெரியாது. அவள் வண்டியைப் பார்க்காமல், செல்லக்கிளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றுக்குச் சுற்று அந்த முகத்தில் மகன் வருவதும் போவதும் தெரிந்தது. நாலைந்து சுற்று போனதும், அந்த முகத்தில் வேறு என்னமோ தெரிந்தது. செல்லக்கிளியின் வாய் கோணியது.

"காலை வெளிய வைக்காம்ட்டி," என்றாள். "ஏ மாசானம், உள்ள போ லே. உள்ள போ அய்யா."

அப்புறம் சொன்னாள், "எங்கிட்டப் பஞ்சு இல்ல. நீயே கொண்டா."

இசக்கியம்மாள் பஞ்சு கொண்டுவந்தாள். பாதித் தையலில் செல்லக்கிளி ஊசியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், கொட்டகைக்குள் இருட்டிவிட்டாலும் மிச்சத்தை அவளே தைத்தாள். அதற்குப் பிறகு தேக்குக் கதவு போட்டவர்களும் பூவரசு போட்டவர்களும், யாரும் கேட்காமலேயே, தலையணைகளைப் பிரித்தார்கள். ஊரில் கொஞ்சநாள் எல்லாரும் கையைத் தலைக்கு வைத்துத்தான் படுத்தார்கள், தெருவெல்லாம் இலவம்பஞ்சு பறந்தது, மூக்கில் ஏறித் தும்மினவர்கள் கொட்டகைப் பக்கம் வராமல் தள்ளிப்போய்த் தும்மினார்கள். முழு வட்டமும் மெத்தையாயிற்று. வண்டியின் சத்தம் முதலில் தூரத்துச் சத்தமானது, அப்புறம் மூச்சானது, அப்புறம் இல்லாமல் போயிற்று. வாசல்களில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மூட்டைகள் மேலே ஏறின. மூன்றாம் பெட்டியில் சொரிமுத்து மாசானத்தின் தோளில் சாய்ந்து கண்ணை மூடினான். டிரைவர் மட்டும் முழித்திருந்தார், அவர் முகத்திலும் அவசரம் போய்விட்டிருந்தது.

இப்போது வேப்பங்குறிச்சியில் கல்யாண மேளம் ஸ்டேஷன் தெரு வழியாகப் போவதில்லை. கொட்டகைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார்கள், கொலுசைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பிள்ளை பெற்றவர்கள் பிள்ளை அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இசக்கியம்மாள் வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து பீடி சுற்றினாள். அவன் அவள் பக்கத்து ஜன்னலில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு வருவான், போவான். அதுவே போதும் என்று பழகிவிட்டிருந்தது. ஆவணியில் ஒருநாள், வெயில் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், அவன் தூக்கத்திலேயே நெளிந்தான், ஒருதரம் கொட்டாவி விட்டான், முதுகைக் காட்டிக்கொண்டு வட்டத்தின் உட்பக்கமாகத் திரும்பி முகத்தை வைத்துக்கொண்டான். அடுத்த சுற்றுக்குத் திரும்புவான் என்று பார்த்தாள். சாயங்காலம் வரைக்கும் பின்னந்தலைதான் வந்தது.

வட்டத்துக்கு உள்ளே போவதற்கு வாசல் கிடையாது. பலகைக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். செல்லக்கிளி எப்படியோ அங்கே போய், ஒரு முக்காலியைப் போட்டு முன்பே உட்கார்ந்திருந்தாள். மாசானத்தின் முகமும் அந்தப் பக்கம்தான். இசக்கியம்மாள் பீடித்தட்டைக் கீழே வைத்தாள். முழங்கால் இரண்டையும் ஊன்றி, கையை ஊன்றி, சிரட்டைத் தண்ணீர் சிந்தாமல், சட்டத்துக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

செல்லக்கிளி கைநீட்டி, அவள் உச்சந்தலைக்கும் பலகைக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"மெதுவா வாட்டி," என்றாள், உதட்டசைவு அளவுக்கான குரலில். "இடிச்சா முழிச்சிருவாங்க."